ஒரே இணைப்பில் இரண்டு வேலைகள்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். பல் துலக்கிக்கொண்டிருந்தேன். திருப்பூரிலிருந்து போன். ஒரு பனியன் கம்பெனியின் சூப்பர்வைசர். அந்தக் கம்பெனிக்கு வாரச் சம்பளக் கணக்குப் போடும் மென்பொருளை எழுதிக் கொடுத்த சின்ன டீமில் நானும் ஒருவன்.

"தம்பி, இங்க ஒரு அக்கா வந்து நிக்கறாங்க. புதன், வியாழன் ரெண்டு நாளும் நைட் இருந்தாங்களாம். அந்த ஓவர்டைம் காசு சம்பளச் சீட்டுல இல்லைங்கறாங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

வாயைக் கொப்பளித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். வெள்ளி நள்ளிரவு ஓடிய வேலையின் பதிவைத் தேடினேன். 'ஓவர்டைம் கணக்கு: வெற்றிகரமாக முடிந்தது' என்று இருந்தது. அதற்கு மேல் எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

"சிஸ்டத்துல சரியாத்தான் இருக்குங்கண்ணா. அவங்க போன வாரத்தை நெனச்சுச் சொல்றாங்களோ என்னவோ."

அவர் அதை அப்படியே அந்தப் பக்கம் சொன்னார். பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "அப்ப நான் பொய் சொல்றனா?" போன் கட் ஆனது. நான் காபி போடப் போனேன்.

அவர் பொய் சொல்லவில்லை என்பது திங்கட்கிழமை மதியம் தெரிந்தது. அவருடையது மட்டுமல்ல, மொத்தம் 37 பேருடைய ஓவர்டைம் காணாமல் போயிருந்தது. மற்ற 36 பேரில் சிலர் கவனிக்கவில்லை. சிலர் கவனித்தும் பேசாமல் போயிருக்கிறார்கள். அடுத்த வாரம் எல்லோருக்கும் பாக்கி வந்துசேர்ந்தது. "சாஃப்ட்வேர் தப்பு" என்ற இரண்டு வார்த்தையில் விஷயம் முடிந்தது.

எனக்கு முடியவில்லை. சாஃப்ட்வேர் தப்பு என்றால் அதற்குள் யாருடைய தப்பு? அன்றிலிருந்து இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். இது நிரல் எழுதுகிறவர்களுக்கு மட்டுமான கேள்வி இல்லை என்று நினைப்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் தொழில்நுட்பம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயம் அதற்குள்தான் இருக்கிறது.

*

தரவுத்தளத்தோடு பேச ஒரு கனெக்‌ஷன் வேண்டும். இந்தச் சொல்லைக் கேட்டதும் தண்ணீர்க் குழாய் மாதிரி ஒன்றை மனசு கற்பனை செய்துகொள்கிறது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம், எல்லோருக்கும் வரும். உண்மையில் அது ஒரு தொலைபேசி உரையாடலுக்குத்தான் நெருக்கம். நாங்கள் பயன்படுத்தியது போஸ்ட்கிரெஸ். அதில் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் சர்வரில் ஒரு தனி பிராசஸ் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கிறது. அதனால் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. நாமாக மாற்றாவிட்டால் 100. நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்தது மலிவான தளம், அங்கே 20.

அந்த உரையாடலுக்குள் ஒரு சடங்கு இருக்கிறது. 'ஆரம்பிக்கிறேன்' என்று சொல்லிவிட்டு வரிசையாகப் பத்து வேலை சொல்லலாம். கடைசியில் 'கமிட்' என்றால் பத்தும் நிலைக்கும். 'ரோல்பேக்' என்றால் பத்தும் நடக்காததுபோல அழிந்துவிடும். நடுவில் மின்சாரம் போனாலும் பாதிக்கணக்கு நிற்காது. பணம் சம்பந்தப்பட்ட எந்த மென்பொருளுக்கும் இதுதான் அஸ்திவாரம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். தரவுத்தளத்துக்கு உரையாடல்தான் தெரியும். எதிர்முனையில் போனைப் பிடித்திருப்பது ஒருவரா, இருவர் மாறி மாறி வாங்கிப் பேசுகிறார்களா என்பது அதற்குத் தெரியாது.

அடுத்தது டிபென்டன்சி இஞ்செக்‌ஷன். பெயர் பயமுறுத்தும், விஷயம் எளிது. ஒரு நிரல்பகுதிக்கு கனெக்‌ஷன் தேவை என்றால் அது தானே போய்த் திறக்கக் கூடாது. 'எனக்கு இது வேண்டும்' என்று வாசலில் எழுதிப் போட்டால் போதும். வெளியே இருக்கும் ஒரு கன்டெய்னர் அதைக் கொண்டுவந்து கையில் கொடுக்கும். இந்தப் பழக்கம் அதற்கு முன்பே இருந்தது. 2004 ஜனவரியில் மார்ட்டின் ஃபவ்லர் எழுதிய கட்டுரைதான் இந்தப் பெயரை நிலைநிறுத்தியது. நல்ல பழக்கம், சந்தேகமே இல்லை. சமைக்கிறவர் சந்தைக்கும் போக வேண்டும், விறகும் வெட்ட வேண்டும் என்றால் சமையல் உருப்படாது. நிரல்பகுதிக்குக் கடவுச்சொல் தெரிய வேண்டாம், சர்வர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டாம். சோதனைக்கு ஒரு போலி கனெக்‌ஷனைக் கொடுத்தாலும் வித்தியாசம் தெரியாமல் வேலை செய்யும்.

தெரியாமல் என்ற சொல்லை இங்கே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையின் அழகே வாங்குகிறவரின் அறியாமைதான். கையில் வந்தது எங்கிருந்து வந்தது, வேறு யார் கையிலும் இருக்கிறதா, எப்போது திரும்பப் போகும் என்பதை அவர் கேட்பதே இல்லை. கேட்கக் கூடாது என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம்.

நாங்கள் எழுதியது நெஸ்ட்ஜேஎஸ் என்ற சட்டகத்தில். அதில் ஒரு பொருளைப் பதிவு செய்தால், வேறு மாதிரி சொல்லாதவரை, அது ஒரே ஒரு முறை உருவாகும். கேட்கிற எல்லோருக்கும் அதே ஒன்றுதான் போகும். முதல் டெமோவுக்காக நான் ஒரு கனெக்‌ஷனைத் திறந்து அப்படிப் பதிவு செய்திருந்தேன். 20-தான் இருக்கிறது, ஒன்றை வைத்தே எல்லாம் ஓடுகிறது என்றால் நல்லதுதானே என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சிக்கனமாக இருப்பதை ஒழுக்கம் என்று நம்பும் வீட்டில் வளர்ந்தவன் நான். ஒரே வரி. அதற்குப் பிறகு அந்த வரியை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மூன்றாவது, ஷெட்யூலர். யூனிக்ஸ் உலகத்தில் 1970-களிலிருந்தே இருக்கும் கிரான் என்ற ஏற்பாட்டின் பேரப்பிள்ளைகள்தான் இன்று எல்லா மொழிகளிலும் இருப்பவை. இந்த நாளில், இந்த நேரத்தில், இந்த வேலையைச் செய் என்று எழுதிவைத்தால் ஆளில்லாமல் நடக்கும். எங்களிடம் இரண்டு இருந்தன. வெள்ளி இரவு 11 மணிக்கு ஓவர்டைம் கணக்கு. 12 மணிக்கு முன்பணம் கழிக்கும் கணக்கு. ஷிஃப்ட் முடியவே 11 ஆகிறது, ஓவர்டைம் கணக்கைத் தள்ளி வையுங்கள் என்று கம்பெனியில் கேட்டார்கள். 12-க்கு மாற்றினோம். இரண்டு வேலைகளும் முதல்முறையாக ஒரே நேரத்தில் எழுந்தன. இரண்டின் கையிலும் ஒரே போன்.

அந்த வெள்ளி நள்ளிரவு நடந்தது இதுதான். ஓவர்டைம் வேலை 'ஆரம்பிக்கிறேன்' என்றது. ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தது. ஒன்றை எழுதச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் கண இடைவெளியில் முன்பண வேலை நுழைந்து, அதே போனில், 'ஆரம்பிக்கிறேன்' என்றது. போஸ்ட்கிரெஸ் இதைத் தடுக்காது. 'ஏற்கெனவே ஒன்று நடந்துகொண்டிருக்கிறது' என்று ஒரு எச்சரிக்கை மட்டும் போட்டுவிட்டு அதே பரிவர்த்தனையைத் தொடரும். முன்பண வேலை யாரோ ஒருவருடைய கணக்கில் சம்பளத்தைவிட முன்பணம் அதிகமாக இருப்பதைக் கண்டது. தப்பாக எழுதிவிடக் கூடாது என்ற ஜாக்கிரதையில் 'ரோல்பேக்' என்றது. அதுவரை எழுதப்பட்டிருந்த 37 பேருடைய ஓவர்டைமும் அதோடு போனது. ஓவர்டைம் வேலைக்கு இது தெரியாது. மீதிப் பேரை எழுதி முடித்து 'கமிட்' என்றது. 'அப்படி எதுவும் நடந்துகொண்டிருக்கவில்லையே' என்று இன்னொரு எச்சரிக்கை. பிழை இல்லை என்பதால் அது 'வெற்றி' என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனது. முன்பண வேலையும் ஒரு நிமிடம் கழித்து மறுபடி முயன்று 'வெற்றி' என்று எழுதியது.

நேரத்தை மாற்றி அப்போது ஆறு வாரம் ஆகியிருந்தது. ஆறு வாரமும் இந்தக் குறுக்கீடு நடந்திருக்கிறது. முன்பண வேலைக்கு ரோல்பேக் சொல்லும் அவசியம் வரவில்லை என்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. எச்சரிக்கைகள் ஆறு வாரமாக ஒரு கோப்பில் விழுந்துகொண்டே இருந்தன. அந்தக் கோப்பை எங்களில் யாரும் திறந்ததில்லை.

*

இப்போது தப்பு யாருடையது?

ஓவர்டைம் வேலை தன் கடமையை வரிசை தப்பாமல் செய்தது. முன்பண வேலை அதைவிட ஒருபடி மேல், சந்தேகம் வந்ததும் பின்வாங்கியது. அதை எழுதியவர் எங்கள் டீமிலேயே கவனமானவர். அவர் கவனமாக எழுதியதால்தான் 37 பேருடைய கணக்கு அழிந்தது. கவனமில்லாமல் ரோல்பேக்கை மறந்திருந்தால் ஒருவேளை அவ்வளவு நடந்திருக்காது. கன்டெய்னர் சொன்னதைச் செய்தது. ஷெட்யூலர் நேரம் தவறவில்லை. நேரத்தை மாற்றச் சொன்ன கம்பெனி நியாயமாகத்தான் கேட்டது. மாற்றிய பையன் ஒரு எண்ணை மாற்றினான். தரவுத்தளம் எச்சரித்தது.

ஒவ்வொருவரையும் தனியாக நிறுத்தி விசாரித்தால் எல்லோரும் விடுதலை. ஆனாலும் ஒரு பெண் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான் பொய் சொல்றனா என்று கேட்க வேண்டியிருந்தது.

அரசியல் சிந்தனையாளர் டென்னிஸ் தாம்சன் 1980-ல் இதற்குப் 'பல கைகளின் சிக்கல்' என்று பெயர் வைத்தார். அவர் பேசியது அரசாங்கத்தைப் பற்றி. ஒரு முடிவில் பலருடைய கை இருக்கும்போது எந்தக் கையைப் பிடிப்பது? ஹெலன் நிசன்பாம் 1996-ல் அந்தக் கேள்வியைக் கணினி உலகத்துக்குக் கொண்டுவந்தார். மென்பொருளில் கைகள் பல. பிழை என்பது தவிர்க்க முடியாத இயற்கை என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். பழிபோடக் கணினியே வசதியாகக் கிடைக்கிறது. இப்படிப் பொறுப்பு கரைந்துபோகும் வழிகளை அவர் வரிசையாகக் காட்டினார். "சாஃப்ட்வேர் தப்பு" என்று அந்த சூப்பர்வைசர் சொன்னபோது எனக்குள் வந்த நிம்மதியை நினைத்துப் பார்க்கிறேன். நிசன்பாம் சொன்னது புரிய அதுவே போதும்.

ஆனால் எங்கள் விஷயத்தில் பல கைகள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. டிபென்டன்சி இஞ்செக்‌ஷனில் ஒரு வினோதம் இருக்கிறது. எல்லாப் பகுதிகளையும் அப்பாவிகளாக ஆக்கும்போது அறிவு காணாமல் போவதில்லை. அது ஓரிடத்தில் போய்ச் சேர்கிறது. எது எதோடு சேர வேண்டும், எது எத்தனை காலம் உயிரோடிருக்க வேண்டும் என்று எழுதப்படும் அந்த ஒரே கோப்பு. மற்ற யாருக்கும் தெரியாதது அங்கே எழுதுகிறவருக்குத் தெரியும், தெரிந்திருக்க வேண்டும். நூறு பேரைக் கேள்வி கேட்காமல் வாங்கப் பழக்கினால், கொடுக்கிறவர் அந்த நூறு பேருக்கும் சேர்த்துக் கேள்வி கேட்டாக வேண்டும். அந்தக் கோப்பில் அந்த வரியை எழுதியது நான்.

*

மறுநாள் டீம் லீட் அண்ணன் கோபத்தில் சொன்னார். "இனிமே எதையும் ஷேர் பண்ணாத. ஆளுக்கொண்ணு தனியாத் தொறந்துக்கட்டும்." முடியாது. 20-தான் இருக்கிறது. மாத இறுதியில் பதினெட்டு வேலைகள் ஓடும். ஆளுக்கொன்று திறந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு மூன்று பகுதிகள் ஆளுக்கொன்று திறந்தால், கதவிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அப்போது நான் செய்த திருத்தம் முதல் தவறைவிட மோசமானது. கனெக்‌ஷனுக்குப் பதிலாக ஒரு பூலைக் கொடுத்தேன். பூல் என்றால் பத்து கனெக்‌ஷன்களைத் திறந்துவைத்து, கேட்கிறவர்களுக்குக் கொடுத்து வாங்கும் ஏற்பாடு. நாங்கள் பயன்படுத்திய நூலகத்தில் பத்து என்பதுதான் அவர்களே வைத்திருக்கும் எண்ணிக்கை. ஒவ்வொரு வாக்கியத்தையும் பூலிடமே நேரடியாகச் சொல்லும்படி மாற்றினேன். சோதனையில் ஒரு வேலையைப் பாதியில் வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 'ஆரம்பிக்கிறேன்' ஒரு கனெக்‌ஷனுக்குப் போயிருக்கிறது, எழுதுவது இன்னொன்றில், 'ரோல்பேக்' மூன்றாவதில். ஒன்றாக நிற்க வேண்டிய வாக்கியங்கள் ஒன்றையொன்று அறியாமல் பிரிந்து கிடந்தன. எதுவும் அழியவில்லை. அழிய வேண்டியதும் அழியவில்லை.

முதல் தவறில் சம்பந்தமில்லாத இருவரை ஒன்றாகக் கட்டினேன். இரண்டாவதில் ஒன்றாக இருக்க வேண்டியவர்களைப் பிரித்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பகிர்தல் என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு காரியங்களுக்குப் பயன்படுத்துகிறோம். ஒன்று, பொருளைப் பகிர்வது. நான் பயன்படுத்திவிட்டுத் தருகிறேன், அடுத்து நீ எடுத்துக்கொள். இன்னொன்று, விதியைப் பகிர்வது. நான் விழுந்தால் நீயும் விழுவாய், நீ நின்றால் நானும் நிற்பேன். பூலைப் பகிர்வது முதல் வகை. ஒரே கனெக்‌ஷனில் ஒரே நேரத்தில் இருப்பது இரண்டாவது வகை.

விதியைப் பகிர்வது தப்பில்லை. சில இடங்களில் அதுதான் நியாயம். ஒருவருடைய முன்பணத்தைக் கழிப்பதும் அதை அவருடைய கடன் பாக்கியிலிருந்து குறைப்பதும் சேர்ந்தே வாழ வேண்டும், சேர்ந்தே சாக வேண்டும். ஒன்று நடந்து மற்றது நடக்காவிட்டால் யாரோ ஒருவர் ஏமாற்றப்படுகிறார். அந்த இரண்டு நிரல்பகுதிகளுக்கும் வேண்டுமென்றே ஒரே கனெக்‌ஷனைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் முன்பணமும் ஓவர்டைமும் ஒரே விதிக்குள் வர எந்தக் காரணமும் இல்லை. யாரோ ஒருவருடைய முன்பணக் கணக்கில் குளறுபடி இருந்ததற்கு, இரவு இரண்டு நாள் கண்விழித்த இன்னொருவர் ஏன் கூலியை இழக்க வேண்டும்?

நம்மைச் சுற்றி இப்படித் தெரியாமல் ஒரே விதிக்குள் கட்டப்பட்டவர்கள் எத்தனை பேர்! ஒரே ஜாமீன் கையெழுத்தில் மாட்டிய நண்பர்கள். குழுக்கடனில் ஒருவர் கட்டாததற்கு எல்லோரும் பதில் சொல்லும் பெண்கள். இதில் குழுக்கடன்காரர்களுக்காவது கையெழுத்துப் போடும்போது தெரியும், தெரிந்தே போடுகிறார்கள். எங்கள் இரண்டு வேலைகளுக்கும் அதுவும் தெரியாது. விதியைப் பகிர்வது அறமாக வேண்டுமானால் குறைந்தபட்சம் இரண்டு இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பகிர்கிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அது எங்கே முடிகிறது என்ற எல்லையும் இருக்க வேண்டும்.

எல்லை என்று சொல்லும்போது வெப் கோரிக்கைக்கும் ஜாபுக்கும் ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் பொத்தானை அமுக்குகிறார், பதில் வருகிறது, முடிந்தது. அந்த உறவுக்குத் தொடக்கமும் முடிவும் இயல்பாகவே இருக்கின்றன. ஜாப் அப்படி இல்லை. அதை எழுப்பும் ஷெட்யூலர் சர்வர் இருக்கும்வரை இருக்கும். அதன் கையில் எதைக் கொடுத்தாலும் அதுவும் சர்வர் இருக்கும்வரை அங்கேயே இருந்துவிடும். கொஞ்ச நேரத்துக்கென்று பிறந்த பொருளை நீண்ட ஆயுள்காரர் பிடித்துவைத்துக்கொள்வதை மார்க் சீமன் 'சிறைப்பட்ட சார்பு' என்ற பொருளில் பெயரிட்டு எச்சரித்திருக்கிறார். நள்ளிரவு வேலைக்கு எதிரே காத்திருக்கும் முகம் எதுவும் இல்லை. அதனால் அதற்கான எல்லையை ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்து வரைய வேண்டியிருக்கிறது.

கடைசியில் நாங்கள் வந்துசேர்ந்த இடம் எளிமையானது. ஷெட்யூலரிடம் பூல் மட்டும் இருக்கும். ஜாப் எழும்போது பூலிலிருந்து ஒரு கனெக்‌ஷனை எடுக்கும். அந்த ஜாபுக்குள் இருக்கும் எல்லாப் பகுதிகளுக்கும் அதே ஒன்றுதான் போகும். அந்தப் பகுதிகள் அதை மூடக் கூடாது, ஏனென்றால் அவர்கள் திறக்கவில்லை. கமிட்டோ ரோல்பேக்கோ, எடுத்தவர்தான் சொல்ல வேண்டும். நல்லபடி முடிந்தாலும், நடுவில் உடைந்தாலும், எடுத்தவர்தான் திருப்பி வைக்க வேண்டும். சும்மா திருப்பி வைத்தாலும் போதாது. முடிக்காத பரிவர்த்தனையோடு வைத்தால், அடுத்து எடுப்பவர் முந்தையவருடைய மிச்சத்துக்குள் கால் வைப்பார். வைக்கவே மறந்துவிட்டால் பத்து ஒன்பதாகும், எட்டாகும், ஒருநாள் எதுவும் இருக்காது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று நாம் சொல்லாமல் விட்டிருந்தால் மற்றவர்கள் முடிவே இல்லாமல் காத்திருப்பார்கள், ஒரு பிழைச்செய்திகூட வராது. இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவித்தான் தர வேண்டும் என்று அம்மா சொன்னதற்கு மேல் இதில் ஒன்றும் புதிதில்லை.

*

டீம் லீட் அண்ணனுடைய கோபத்துக்கு ஒரு பெரிய வம்சம் உண்டு. காரெட் ஹார்டின் 1968-ல் பொது மேய்ச்சல் நிலத்தைப் பற்றி எழுதினார். எல்லோருக்கும் பொதுவானதில் ஒவ்வொருவரும் தன் லாபத்துக்கு ஒரு மாட்டைக் கூட்டிக்கொண்டே போவார்கள், கடைசியில் நிலம் எல்லோருக்கும் அழியும் என்றார். ஆகவே பங்கு போட்டுத் தனியாருக்குக் கொடு, அல்லது அரசு கையில் எடுத்துக்கொள்ளட்டும் என்றே பலரும் அதைப் படித்தார்கள். எலினார் ஆஸ்ட்ரம் நிஜமான பொதுக்களைத் தேடிப் போனார். ஸ்பெயினின் வாலென்சியா பாசன வாய்க்கால்கள், சுவிட்சர்லாந்தின் மலைமேய்ச்சல், பிலிப்பைன்ஸின் நீர்க்குழுக்கள். நூற்றாண்டுகளாக அழியாமல் பகிர்ந்துகொண்டிருக்கும் மக்களை அங்கே கண்டார். அவர்களிடம் இருந்தது விதிமுறை. யார் உள்ளே, யார் வெளியே, யாருக்கு எப்போது முறை, மீறினால் என்ன, யார் பார்த்துக்கொள்வது. 1990-ல் அது புத்தகமானது, 2009-ல் பொருளாதார நோபல் வந்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

பூல் என்பது ஆஸ்ட்ரம் பார்த்த வகையைச் சேர்ந்தது. எண்ணிக்கை, முறை, காத்திருக்கும் நேரம் எல்லாம் சொல்லப்பட்ட பொது. நமக்கு இதற்கு வாலென்சியா வரை போக வேண்டியதில்லை. நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் உண்டு. மடையைத் திறந்து மூடுவதும், முறைப்படி வயலுக்கு வயல் தண்ணீரைத் திருப்புவதும் அவர் வேலை. தண்ணீர் குறைந்த காலத்தில், வரப்பில் நிற்கும் எந்த விவசாயியும் தானாக மடையில் கைவைக்க முடியாது. கன்டெய்னரைப் பற்றி முதலில் படித்தபோதே எனக்கு நீர்க்கட்டி ஞாபகம்தான் வந்தது. தான் பயன்படுத்தாத ஒன்றை மற்றவர்களுக்கு முறையாகக் கொடுத்து வாங்குகிறவர்.

ஆனால் இந்த ஒப்புமையை ரசித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பல ஊர்களில் நீர்க்கட்டிகள் ஒடுக்கப்பட்ட சாதியினர், அந்த ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாதவர்கள். நிலம் இல்லாததால் பாரபட்சம் இல்லை என்று அதையே ஒரு ஏற்பாட்டுத் திறமையாகச் சொல்கிறோம். ஒருவருடைய நடுநிலைக்கு அவருடைய இல்லாமையை அடமானமாக வாங்கியிருக்கிறோம் என்பதைச் சொல்வதில்லை. தண்ணீர் சண்டை வந்தால் முதல் வசவு அவருக்குத்தான் விழும். முறையை வகுத்தவர்கள் வரப்பில் நிற்க மாட்டார்கள், வீட்டுத் திண்ணையில் இருப்பார்கள்.

நான் அந்தத் திண்ணையில் இருந்தவன். முறையை எழுதியவன். சனிக்கிழமை காலை வசவை வாங்கியது அந்த சூப்பர்வைசர். சந்தேகத்தை வாங்கியது அந்த அக்கா.

*

பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976-ல் ஒழுக்கத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு பற்றிய கட்டுரையில் ஒரு லாரி ஓட்டுநரைச் சொல்கிறார். தன் மேல் எந்தத் தவறும் இல்லாமல் ஒரு குழந்தையை மோதிவிடுகிறார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் துயரம்தான். ஆனால் ஓட்டுநருடைய துயரம் வேறு மாதிரி இருக்கும், இருக்கவும் வேண்டும். நாம் அவரிடம் உன் தப்பில்லை என்று ஆறுதல் சொல்வோம். அவர் அந்த ஆறுதலை உடனே ஏற்றுக்கொண்டு எழுந்து போய்விட்டால் அது நமக்கு நெருடும். குற்றம் இல்லாத இடத்திலும், செய்தவர் என்ற முறையில் ஒரு கணக்கு மீதம் இருக்கிறது.

முன்பண வேலையை எழுதிய என் சக ஊழியருக்கு இதைச் சொல்லலாம். அவர் லாரி ஓட்டுநர் மாதிரிதான். விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஒரு வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. உன் தப்பில்லடா என்று எல்லோரும் சொன்னோம். உண்மைதான்.

எனக்கு அந்த ஆறுதல் பொருந்தாது. கனெக்‌ஷன் வரியைக்கூட விட்டுவிடுகிறேன். அறியாமை, அவசரம், டெமோ என்று ஏதாவது சொல்லலாம். ஆறு வாரம் யாருக்கும் நஷ்டமில்லாமல் ஓடியதும், ஏழாவது வாரம் 37 பேருக்கு விழுந்ததும் அதிர்ஷ்டத்தின் வேலை என்றும் சொல்லலாம். நான் விடாமல் வைத்திருப்பது போனில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை. 'சிஸ்டத்துல சரியாத்தான் இருக்கு.' அந்த 'வெற்றி' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர்களில் நானும் ஒருவன். அது கணக்கு சரி என்று சொல்லவில்லை. நிரல் பிழையில்லாமல் கடைசி வரிக்கு வந்தது என்று மட்டும்தான் சொன்னது. ஓவர்டைம் வேலைக்குத் தன் கையில் இருந்தது இன்னொருவர் கையிலும் இருந்தது என்று தெரியாது, அதனால் அது மனசார வெற்றி என்று எழுதியது. எனக்கு அந்த மன்னிப்பு இல்லை. இரண்டு ராத்திரி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த ஒருவர் தன் உடம்பால் அறிந்த ஒன்றை, நான் பல் துலக்கிய வாயோடு ஒரு வார்த்தையை நம்பிப் பொய்யாக்கினேன். நான் பொய் சொல்லவில்லை. அவரைப் பொய்யராக்கினேன்.

கொடுக்கப்பட்டதைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வது நிரல்பகுதிக்கு நல்ல குணம். அந்த அப்பாவித்தனத்தை நாம்தான் வடிவமைக்கிறோம், நாம்தான் அதற்குப் பதிலும் சொல்ல வேண்டும். அதையே மனிதன் பழகிக்கொண்டால், கையில் வந்த பதிலை எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் அடுத்தவரிடம் கடத்திவிடுவான். அன்று காலை நான் செய்தது அதைத்தான்.

இப்போது அந்தப் பதிவில் 'வெற்றி' என்று வருவதில்லை. அந்த வாரம் ஓவர்டைம் இருந்தவர்கள் எத்தனை பேர், தரவுத்தளத்தில் திரும்பிப் போய் எண்ணிப் பார்த்ததில் எத்தனை பேர் என்று இரண்டு எண்கள் வரும். எச்சரிக்கைக் கோப்பு திங்கள் காலை என் மெயிலுக்கு வருகிறது. வெள்ளி நள்ளிரவு 12 மணிக்கு இன்னமும் அந்த இரண்டு வேலைகளும் ஒன்றாகத்தான் எழுகின்றன. ஆளுக்கொரு போன்.

அந்த அக்காவை நான் பார்த்ததில்லை. பெயரும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்த 37 வரிகளைத் திறந்தால் போதும், ஆனால் எந்த வரி அவர் என்று எனக்குத் தெரியப்போவதில்லை. சூப்பர்வைசர் அண்ணன் போன மாதம் வேறு ஒரு கணக்குக்காகக் கூப்பிட்டார். யாரோ ஒருவருக்கு நாற்பது ரூபாய் குறைகிறதாம். லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் கேட்டேன். "அவங்க கிட்ட என்ன கணக்கு இருக்குங்கண்ணா? அதை மொதல்ல சொல்லச் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."